நாலாவது பங்கு

எங்கள் ஜமாஅத் உறவுகளுக்கும், புத்தூர், நவக்கிரி, அச்சுவேலிப் பக்கத்து அயலவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நீளமான பதிவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு தரமாவது முழுதாக வாசியுங்கள்.

"புழுவுக்கும் ஒரு மாநாடா?"

பகிடியாகத்தான் கேட்கிறார்கள். ஒரேயொரு நாடாப்புழுவைப் பற்றிக் கதைப்பதற்கென்று பல நாட்டு ஆட்கள் விமானம் ஏறிப் போய்க் கூடுகிறார்கள் என்று சொன்னால், தேநீர்க்கடையில் சிரிப்பு எழும்புகிறது. வேலை வெட்டி இல்லாத ஆட்கள் என்கிறார் ஒருவர். வெள்ளைக்காரனுக்குக் காசு கூடிப் போச்சு என்கிறார் மற்றவர்.

சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். 1941ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில், கொலோனியா என்ற ஊரில், இந்தப் புழுவால் வரும் நீர்க்கட்டி நோயை ஆராய்கிறவர்கள் ஒரு சர்வதேச சங்கம் தொடங்கினார்கள். உருகுவே ஆடும் மாடும் மேய்த்து வாழ்கிற நாடு. நோய் அவர்களுடைய சொந்த வீட்டுப் பிரச்சினை. அந்தச் சங்கத்தின் உலக மாநாடு 2013இல் சூடானின் கார்ட்டூம் நகரில் நடந்தது. 2017இல் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில் நடந்தது. 2019இல் பெரு நாட்டின் லீமாவில் நடந்தது.

இடங்களைப் பாருங்கள். கார்ட்டூமிலும் அல்ஜியர்ஸிலும் ஐந்து நேரமும் பாங்கு கேட்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று வீடு வீடாக ஆடு அறுபடும். அந்த மாநாடு ஏன் அந்த ஊர்களைத் தேடிப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அவர்கள் பேசுவது எங்கள் முற்றத்தைப் பற்றி.

புழுவின் பெயர் எக்கினோகொக்கஸ். தட்டைப்புழு இனம், நாடாப்புழு வகை. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளமான ஒன்றை நினைக்காதீர்கள். இது வளர்ந்து முடிந்தாலும் 2 முதல் 7 மில்லிமீற்றர்தான். அரிசி மணியைவிடப் பெரிதில்லை. இருக்குமிடம் நாயின் சிறுகுடல். ஒரு நாய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் செய்யாது. அது ஓடும், குரைக்கும், வாலாட்டும், நல்ல சுகமாக இருக்கும். பார்த்து அறிய முடியாது.

நாயின் மலத்தோடு புழுவின் முட்டை வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. மண்ணில், புல்லில், கீரையில், நாயின் மயிரில், மூஞ்சியில் ஒட்டிக் கிடக்கும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆடு அந்தப் புல்லை மேயும். முட்டை ஆட்டின் வயிற்றுக்குள் பொரித்து, இரத்தத்தோடு ஈரலுக்கோ சுவாசப்பைக்கோ போய், அங்கே தண்ணீர் நிறைந்த பையாக வளரும். அந்தப் பைக்குள் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் காத்திருக்கும். எதற்கு? அந்த ஈரலை ஒரு நாய் தின்னுவதற்கு. தின்றால் ஆறேழு கிழமையில் அந்த நாய் முட்டை போடத் தொடங்கும். சக்கரம் மறுபடி சுற்றும்.

மனிதனுக்கு இந்தச் சக்கரத்தில் இடமில்லை. தவறி உள்ளே விழுகிறவன் அவன். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் வாயில் வைக்கிற பிள்ளை, முற்றத்து மண்ணில் விளையாடுகிற பிள்ளை, கழுவாத கீரையைப் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறவர் யாரும் விழலாம். விழுந்தால் ஆட்டுக்கு நடப்பதுதான் அவர்களுக்கும். ஈரலில், சுவாசப்பையில், சிலருக்கு மூளையில்கூடக் கட்டி வளரும். மெதுவாக, வருடக்கணக்கில், நோவில்லாமல் வளரும். ஐந்து வயதில் விழுங்கியது முப்பது வயதில் ஸ்கேனில் தெரியலாம். உடலுக்குள் கட்டி உடைந்தால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிந்திய தண்ணீரிலிருந்து புதிய கட்டிகளும் வரலாம். சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலருக்கு ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறை, சிலருக்கு மாதக்கணக்கில் அல்பென்டசோல் குளிசை. எந்த ஒரு நேரத்தில் எடுத்தாலும் உலகில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு இருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இலங்கையிலும் மனிதர்களில் இது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இப்போது பங்குக்கு வருவோம்.

உழ்ஹிய்யா இறைச்சியை மூன்று பங்காகப் பிரிப்பது எங்கள் வழக்கம். வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. தராசு வைத்து நிறுத்துப் பிரிக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் யாரும் கணக்கில் எடுக்காத நாலாவது பங்கு ஒன்று இருக்கிறது. குடல், சுவாசப்பை, ஈரலில் தண்ணிக்கட்டி இருந்ததென்று வெட்டி எறிந்த துண்டு. அது ஒழுங்கை முடக்குக்குப் போகிறது, வெறும் வளவுக்குப் போகிறது, சொப்பிங் பையில் கட்டி மதகடிக்குப் போகிறது. அங்கே நாய்கள் காத்து நிற்கின்றன. நல்ல பங்கு மனிதருக்கு, புழு உள்ள பங்கு நாய்க்கு. புழு இதைவிட வேறு என்ன கேட்கும்?

எங்கள் ஆட்களை மட்டும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பங்கு இறைச்சி தெரியாத ஊர் உண்டா? தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து கிடாய் வாங்கி, பனையடியில் உரித்து, ஓலையில் கூறு போடுகிறார்கள். வேள்விக் கிடாயும் இருக்கிறது. அங்கேயும் அதே நாலாவது பங்குதான், அதே நாய்கள்தான். இன்னொன்றையும் பாருங்கள். நகரத்தில் அறுபடுகிற ஆடு நகரத்தில் பிறந்ததில்லை. அது புத்தூரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு வளவில் குழை தின்று வளர்ந்தது. அந்த வளவில் ஒரு நாயும் நின்றது. வளர்த்தவர் ஒரு சமயம், வாங்கியவர் ஒரு சமயம். புழு இரண்டு வீட்டுப் படலையும் தாண்டித்தான் வந்தது.

இனி, இதைச் சொல்லும்போதெல்லாம் வருகிற மறுப்புகள். ஒவ்வொன்றாக எடுப்போம்.

"நாங்கள் பன்றி தின்னாத ஆட்கள். எங்களுக்கு நாடாப்புழு வராது." இந்தப் புழுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் சம்பந்தமில்லை. பன்றியோடு சம்பந்தப்பட்ட வேறொரு நாடாப்புழுவைப் பற்றியே ஒரு கதை சொல்லுவோம். நியூயோர்க் நகரில், பன்றி இறைச்சியைத் தொட்டும் பாராத யூத சமூகத்தில், நாலு பேருக்கு அந்தப் புழுவின் கட்டி மூளையில் இருந்தது. 1992இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இறைச்சியால் வரவில்லை. வீட்டுச் சமையலில் பட்ட மனிதக் கையிலிருந்து முட்டை போயிருந்தது. ஹலால் பேணுவது எங்கள் கடமை. கை கழுவுவதற்கு அது ஈடாகாது.

"நாங்கள் சைவம். இறைச்சிக் கதை எங்களுக்கு எதற்கு?" அன்பான அயலவரே, இறைச்சி சாப்பிட்டு இந்த நோய் மனிதருக்கு வருவதே இல்லை. கட்டியுள்ள ஈரலைத் தின்றால் நாய்க்குத்தான் புழு வரும். மனிதனுக்கு வருவது நாய் போட்ட முட்டையால். அது உங்கள் வல்லாரையிலும் இருக்கலாம், உங்கள் பேரப்பிள்ளை கொஞ்சுகிற குட்டிநாயின் மயிரிலும் இருக்கலாம். அடுத்த வளவில் கிடாய் அறுத்தவன் எறிந்ததை உங்கள் வீட்டு நாய் தின்று வந்தால், ஆபத்து உங்களுக்கு.

"நாங்கள் நாயை வீட்டுக்குள் எடுப்பதில்லை. நாய் நக்கினால் மண் போட்டு ஏழு தரம் கழுவுகிறோம்." அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இதை நினைத்துப் பாருங்கள். நாயின் எச்சில் பட்ட கோப்பையை ஏழு தரம் கழுவச் சொல்லுகிற மார்க்கத்தில் இருந்துகொண்டு, அதே நாயின் வயிற்றில் புழுவை வைக்கிற ஈரலை எங்கள் கையாலேயே எறிந்தால், அந்த ஏழு தரம் எதற்காக? கோப்பை சுத்தம், ஒழுங்கை அசுத்தம். எங்கள் பிள்ளை கோப்பைக்குள் வாழவில்லை, ஒழுங்கையில்தான் விளையாடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் நாயை அடிக்கக் கிளம்ப வேண்டாம். தாகத்தில் நாக்குத் தொங்கிய நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவருக்குக் கிடைத்த மன்னிப்பை மத்ரஸாவில் சின்னப்பிள்ளையும் சொல்லும். நாய் தானாகப் போய் ஆட்டின் வயிற்றைக் கிழித்து ஈரலை எடுக்கவில்லை. கத்தி பிடித்தவன் கொடுத்தான், அது தின்றது.

கடைசி மறுப்புத்தான் கனமானது. காதோடு காதாகச் சொல்லுகிறார்கள்: "இதைப் பொதுவில் எழுதாதேயுங்கள். எங்களுக்கு எதிராகக் கதைக்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள்." இந்தப் பயம் வெறும் பயமில்லை. 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததைப் பார்த்தோம். அறுப்பு என்ற சொல்லையே ஒரு சமூகத்தின் மேல் எறிகிற கல்லாக வைத்திருக்கிறவர்கள் வடக்கிலும் இருக்கிறார்கள், தெற்கிலும் இருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் எங்கள் பதில் இது.

வாய் மூடச் சொல்லுகிற எங்கள் ஆட்களுக்கு: ஒழுங்கையில் கிடக்கிற குடல் தானாகவே கதைக்கும். எங்களை வெறுக்கிறவனுக்கு நாங்கள் எழுதும் பதிவு தேவையில்லை. மதகடியில் ஒரு படம் எடுத்தால் அவனுக்குப் போதும். அந்தப் படம் எடுக்க முடியாதபடி செய்வதுதான் அவனுக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய நல்ல பதில்.

அறுப்பையே தடை செய்யச் சொல்லுகிறவர்களுக்கு: தடை வந்தால் இறைச்சி நிற்காது, வெளிச்சம்தான் நிற்கும். பரிசோதகர் பார்க்கிற கொல்களத்திலிருந்து அறுப்பு இருட்டு வளவுக்குள் போகும். இரவோடு இரவாக அறுத்துக் கழிவை எறிந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். இந்தப் புழுவுக்குப் பிடித்த இடமும் அந்த இருட்டு வளவுதான். உங்களுக்கு உண்மையிலேயே ஊர்ச் சுகாதாரத்தில் அக்கறை இருந்தால் நல்ல கொல்களம் கேளுங்கள். எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

"இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை, எங்களால் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்தின் கதை. 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவு பரம ஏழை. செம்மறியும் மீனும்தான் சீவியம். புல்தரை வெட்டி அடுக்கிய வீடுகளில் ஆளும் நாயும் ஒன்றாகக் கிடந்தார்கள். உலகிலேயே இந்த நோய் மிக மோசமாக இருந்த இடங்களில் ஒன்று அது. 1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் க்ராப்பே என்ற விலங்கு மருத்துவ ஆய்வாளர் போனார். நாய்களைச் சோதித்துக் காரணத்தை உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டு, அந்த மக்களின் சொந்த மொழியில், எளிய நடையில் ஒரு சிறு புத்தகம் அச்சாகி இலவசமாக விநியோகிக்கப்பட்டது. செய்தி சின்னது: கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை. நாயோடு பழகினால் கை கழுவு. பின்னர் 1890இல் சட்டமும் வந்தது, நாய்களுக்குப் பூச்சிமருந்து கொடுப்பதும் வந்தது. ஒழுங்கான கொல்களங்கள் வந்ததும் பெரிய உதவி. இன்று ஐஸ்லாந்தில் அந்தப் புழு இல்லை.

அந்தக் காலத்தில் ஸ்கேன் இல்லை, அல்பென்டசோல் இல்லை, செம்மறிக்கு இப்போது இருக்கிற தடுப்பூசி இல்லை. இருந்தது வாசிக்கத் தெரிந்த சனம், அவர்கள் மொழியில் ஒரு புத்தகம், சொன்னதைச் செய்த கை. நியூசிலாந்தும் இதே வழியில்தான் போனது. 1959இல் தனிச் சட்டம் போட்டு, விடாமல் வேலை செய்து, 2002இல் நோய் நீங்கியதாக அறிவித்தது. நாற்பது வருடத்துக்கு மேல் பொறுமை வேண்டியிருந்தது.

மாநாடு கூட்டுகிறவர்களிடமும் எங்களுக்கு ஒரு முறைப்பாடு உண்டு. கண்டுபிடிப்பதெல்லாம் ஆங்கிலத்தில் ஏறி, ஆய்விதழில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. 160 வருடத்துக்கு முன் க்ராப்பேக்குத் தெரிந்தது இன்றைக்குப் பல அறிஞர்களுக்குத் தெரியவில்லை: கத்தி பிடிக்கிறவனின் மொழியில் சொல்லாத அறிவு அவன் கைக்கு வராது. எங்கள் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் படித்தவர்கள் இருக்கிறார்கள், மருத்துவ பீடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு துண்டுப்பிரசுரம், இறைச்சிக்கடைத் தமிழில், படத்தோடு. இதைக் கேட்பது பெரிய கேள்வியா?

படிப்பிக்கிற எங்களையும் விடக் கூடாது. தட்டைப்புழுக் கணம் என்றால் உயர்தரப் பிள்ளை மடமடவென்று ஒப்புவிக்கும். முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும் தட்டையானது, உடற்குழி இல்லை, கழிவகற்றச் சுவாலைக்கலம். சுவாலைக்கலத்துக்குப் புள்ளி உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை பெருநாளன்று வாப்பாவிடம் போய், "அந்தத் துண்டை நாய்க்குப் போடாதேங்கோ வாப்பா" என்று சொல்லுவதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி இல்லை. பாடம் முற்றத்துக்கு வராவிட்டால் அது வெறும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடும்.

ஆகவே இந்தப் பெருநாளிலிருந்து செய்யக்கூடியவற்றைச் சொல்லுகிறோம். எல்லாம் கைக்கெட்டிய வேலைகள்.

ஒன்று. கிடங்கு முதலில், ஆடு பிறகு. கழிவைப் போட இடம் ஆயத்தமில்லாத வீட்டில் ஆடு கட்ட வேண்டாம். ஆனால் எங்கள் நிலத்தை மறக்கக் கூடாது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் எப்படிக் கரைந்து குழியாகும் என்பதற்கு நிலாவரையே சாட்சி. கண்ட இடத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தால் ஊற்று வழியே கிணற்றுக்கு வரும். கிணற்றிலிருந்து நல்ல தூரத்தில், மண் கனமாக உள்ள இடத்தில் தோண்டுங்கள். நாய் கிண்ட முடியாதபடி மேலே கல் அடுக்கி முள் போடுங்கள்.

இரண்டு. ஈரலிலோ சுவாசப்பையிலோ தண்ணிக்கட்டி கண்டால், கத்தியால் குத்தி உடைத்துப் பார்க்க வேண்டாம். அந்த உறுப்பை அப்படியே அரை மணித்தியாலம் நன்றாகக் கொதிக்க வைத்துப் பிறகு புதையுங்கள். அல்லது காவோலை போட்டு முழுதாக எரியுங்கள். ஆட்டுக் குடலோடு தொங்குகிற மெல்லிய தண்ணிப்பை பெரும்பாலும் வேறொரு நாடாப்புழுவுடையது, மனிதருக்கு வராது. ஆனாலும் அங்கே நின்று எது எதென்று தரம் பிரிக்க வேண்டாம். பச்சையாக எதுவும் நாய்க்கு இல்லை என்று வைத்துக்கொண்டால் போதும்.

மூன்று. பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். கத்தியைத் தீட்டுவது, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவது பற்றியெல்லாம் மௌலவிமார் அழகாகச் சொல்லுகிறார்கள். அதோடு இதையும் சேருங்கள். முடிந்தால் ஆளுக்கொரு வளவில் அறுக்காமல் பொது இடத்தில் அறுப்போம். கோயில் நிர்வாகங்களிடமும், பங்கு இறைச்சி சேருகிற நண்பர்களிடமும் இதே கோரிக்கை.

நாலு. பிரதேச சபை பெருநாளன்றும் அடுத்த மூன்று நாளும் கழிவு எடுக்க வாகனம் அனுப்ப வேண்டும். தீபாவளிக்கும் அனுப்ப வேண்டும். எழுத்தில் கேட்போம், கையெழுத்து வைத்துக் கேட்போம்.

ஐந்து. விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறபோதே நாய்களுக்குப் பிரசிகுவான்டல் குளிசையும் கொடுக்கும்படி கால்நடை வைத்திய அலுவலகங்களைக் கேட்போம். வருடத்துக்கு ஒருதரம் கொடுப்பது மட்டும் போதாது. முட்டை போட ஆறேழு கிழமை போதும் என்று மேலே சொன்னோம். ஆனால் கிடங்கும் குளிசையும் சேர்ந்தால் சக்கரம் தடுக்கும்.

ஆறு. நாயைத் தொட்ட பிள்ளை, மண்ணில் விளையாடிய பிள்ளை, சோற்றில் கை வைக்கும் முன் சவர்க்காரம் போட வேண்டும். பச்சைக் கீரையை ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உழ்ஹிய்யாவின் இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை, தக்வாதான் அடைகிறது என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறோம். அந்தத் தக்வா கத்தி வைக்கும்போது பிஸ்மில்லாஹ்வில் தொடங்குகிறது. எங்கே முடிகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. இறைச்சி பிரித்து முடிந்ததும் முடிந்துவிடுகிறதா? அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஈரலில் இருபது வருடம் கழித்துக் கட்டி வராமல் பார்ப்பதும் அதற்குள் அடங்குமா?

அடங்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். உங்களுக்கும் அப்படிப் பட்டால் உங்கள் பள்ளிவாசல் குழுவில், கோயில் குழுவில், விளையாட்டுக் கழகக் குழுவில் இதைப் பகிருங்கள். உங்கள் இறைச்சிக்கடைக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையாகக் கதைப்போம். பெருநாளுக்கு முந்திய கிழமை மண்வெட்டியோடு வரக்கூடியவர்கள் பெயரைத் தாருங்கள்.

வஸ்ஸலாம்.